கொத்தாமல் காய்கறி: 240 சதுர அடி, களிமண், கோரை. ஆடிப் பட்டத்துக்குள் தயாராகுமா?

பின்வாசல் (மேடவாக்கம்)

வீட்டுக்குப் பின்னால 12 அடிக்கு 20 அடி இடம் இருக்கு. 20 அடி நீளம் வடக்கு தெற்கா ஓடுது, தெற்குக் கோடியில 6 அடி மதில். மேலாக அரை அடிக்கு கட்டட இடிபாடு கலந்த மண், கீழே கறுப்புக் களி. மழையில தண்ணி தேங்கும், கோரை ஏகத்துக்கும். வடகிழக்கு மூலையில பக்கத்து வீட்டுத் தென்னை. மண்ணைக் கொத்தாம, அட்டை விரிச்சு மேல உரம் போடுற முறை நம்ம கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் சரிவருமா? எவ்வளவு பொருள் வாங்கணும்? இப்போ ஜூன் முதல் வாரம், ஆடியில விதைக்கணும்.

---

மண்வெட்டிக்கு_ஓய்வு (தாம்பரம்)

சரிவரும். ஆனா குளிர் நாட்டு வீடியோவுல காட்டுற அளவை அப்படியே எடுத்துக்காதீங்க. அங்க நாலு அங்குலம் மக்கு உரத்தைப் போட்டு, அதையே மூடாக்கா (மண்ணை மூடுற மேல் போர்வையா) விட்டுடுவாங்க. இங்க உரம் வெறுமனே வெயில்ல கிடந்தா மேல் ஒரு அங்குலம் காய்ஞ்சு தூளாகி, தண்ணியே உள்ள இறங்காம வழிஞ்சு ஓடும். உரத்துக்கு மேல எப்பவும் இலைதழை இருக்கணும். இந்த முறை இங்க நிக்கிறதும் விழுறதும் அந்த மேல் மூடியிலதான், உரத்தின் கனத்துல இல்ல.

முதல்ல இடத்தைப் பிரிங்க. தெற்கு மதில் 6 அடின்னா மார்கழி மதியத்துல அதன் நிழல் நாலரை அடி வரைக்கும் விழும். அந்தக் கோடியில 5 அடியை மக்குத் தொட்டிக்கும் நாற்றுக்கும் ஒதுக்கிடுங்க. மீதி 15 அடியில 4 அடி அகலத்துல மூணு பாத்தி, நடுவுல ஒன்றரை அடி வழி ரெண்டு. பாத்தி நீளம் 10 அடி, மேற்கு ஓரமா 2 அடி நடைபாதை. நாலு அடிக்கு மேல அகலம் வேண்டாம். ரெண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டணும், பாத்தி மேல கால் படவே கூடாது. ஒரு தடவை மிதிச்சா களிமண் இறுகிடும், கொத்தாம விட்டதுக்கு அர்த்தமே போயிடும்.

ஒரு பாத்தி 40 சதுர அடி. அதுக்கான கணக்கு:

அட்டை: ஃப்ரிட்ஜ் வர்ற பெட்டி ரெண்டு பிரிச்சா ரெட்டை அடுக்குக்குப் போதும். சைக்கிள் கடைப் பெட்டியும் நல்லது. டேப், பின், பளபள மேல்தாள் எல்லாத்தையும் உரிச்சுடுங்க. ஓரங்கள் அரை அடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும்.

அடி அடுக்கு: சருகு, வெயில்ல உலர்த்தின கரும்புச் சக்கை, துண்டு போட்ட வாழைத்தண்டு, எல்லாம் கலந்து 6 அங்குலம். ரெண்டு மாசத்துல இது ரெண்டு அங்குலமா அமுங்கிடும். சக்கையை ஜூஸ் கடையிலிருந்து கொண்டுவந்த அன்னைக்கே போட்டா இனிப்புக்கு எறும்பும் எலியும் வரும். மூணு நாலு நாள் காயவிட்டுப் போடுங்க.

நடு அடுக்கு: 4 அங்குலம். இது 13 கன அடி, சுமார் 375 லிட்டர். 50 கிலோ அரிசிச் சாக்கால அளந்தா ஆறு சாக்கு. அதுல நாலு சாக்கு மக்கின தொழு உரமும் மண்புழு உரமும், ரெண்டு சாக்கு செம்மண். உரம் மட்டும் போட்டா நம்ம சூட்டுல சீக்கிரமே கரைஞ்சு பாத்தி உட்கார்ந்துடும். மண் கலந்தாதான் உயரம் நிக்கும்.

மேல்: சருகு 3 அங்குலம்.

வேலை வரிசை: களையைத் தரையோட அறுங்க, பிடுங்க வேண்டாம். தரை நல்லா ஊறுற அளவுக்குத் தண்ணி விடுங்க. காய்ஞ்ச தரை மேல அட்டை போட்டா கீழ ஈரமே போகாது, மண்புழுவும் மேல வராது. அட்டையைத் தனியா தண்ணியில முக்கி எடுத்து விரிங்க. அடி அடுக்கைப் போட்டுட்டு, 20 லிட்டர் தண்ணியில 5 கிலோ பச்சைச் சாணி கரைச்சு அது மேல தெளிங்க. சருகு மக்கத் தேவையான தழைச்சத்து (நைட்ரஜன்) அதுலேர்ந்து கிடைக்கும், செடியோட பங்கைப் பிடுங்காது. அதுக்கு மேல உரக்கலவை, அப்புறம் மூடாக்கு. இப்ப போட்டு ஈரம் காயாம வச்சா, ஆடி பொறக்க ஆறு வாரம் கிடைக்கும். போதும்.

---

களி_வேளச்சேரி

மேல சொன்னதுல எனக்கு ஒரு விஷயம் உடன்பாடில்ல. கட்டடம் கட்டின மனைகள்ல லாரியும் கலவை மிஷினும் நின்னு இறுகின அடுக்கு ஒண்ணு இருக்கும். அதுக்கு மேல எத்தனை அங்குலம் உரம் போட்டாலும் கீழ வேர் இறங்காது. கடப்பாரையைக் கையால அழுத்திப் பாருங்க. அரை அடியில டங்குனு நின்னா, அந்த ஒரு தடவை மட்டும் கடப்பாரையை ஒவ்வொரு அடிக்கும் ஒரு இடம்னு இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டி எடுங்க. மண்ணைப் புரட்டக் கூடாது, பிளவு விட்டா போதும். அதுக்கப்புறம் வாழ்நாளுக்கும் கைவைக்க வேண்டியதில்ல.

வடிகால் பார்க்க ஒரு அடி ஆழக் குழி ஒண்ணு எடுங்க (இதுக்கு மட்டும் கொத்தலாம், யாரும் கேக்க மாட்டாங்க). தண்ணி ரொப்பி வடியவிட்டு, மறுபடி ரொப்பி ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. ஒரு அங்குலத்துக்கு மேல இறங்கினா நல்ல மண். மறுநாளும் தண்ணி நின்னா பாத்தியைத் தரையிலிருந்து ஒரு அடியாவது தூக்கணும், இல்லன்னா கார்த்திகையில கத்தரி வேர் அழுகும். நடைபாதையிலேர்ந்து தண்ணி வெளியேற ஒரு சரிவும் விட்டுடுங்க.

---

மண்வெட்டிக்கு_ஓய்வு (தாம்பரம்)

> அந்த ஒரு தடவை மட்டும் கடப்பாரை

இடிபாடு கலந்த மனைக்கு ஒத்துக்கறேன். வெறும் களிக்கு வேண்டாம்னே சொல்வேன். களி காய்ஞ்சா தானே வெடிக்கும், அந்த வெடிப்பு வழியா வேரும் புழுவும் போகும். ஈரக் களியில கடப்பாரையை ஆட்டினா துளையோட சுவரு வழவழன்னு மெழுகின மாதிரி ஆயிடும். எதைச் செஞ்சாலும் மண் கொஞ்சம் உலர்ந்திருக்கும்போது செய்யுங்க.

---

கீரைக்கட்டு

எல்லாரும் கோரையை மறந்துட்டு அட்டையைப் பத்திப் பேசுறீங்க. தம்பி முதல் பதிவுலேயே "கோரை ஏகத்துக்கும்"னு சொல்லியாச்சு. கோரைக்கு அட்டை ஒரு பொருட்டே இல்ல. அதோட முளை ஊசி மாதிரி. ஈரத்துல அட்டை ஊறி மெத்துனு ஆனதும் குத்திக்கிட்டு வெளிய வந்துடும். பிளாஸ்டிக் மூடாக்கையே துளைக்கிற சாதி அது.

அதுக்காகக் கொத்தி எடுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கோரைக்கிழங்கு மண்ணுக்குள்ள சங்கிலியா கோத்திருக்கும். நுனியில ஒண்ணு முளைச்சு மேல வந்தா பின்னால இருக்கிறதெல்லாம் தூங்கும். மண்வெட்டி பட்டு சங்கிலி அறுந்தா தூங்கினது அத்தனையும் தனித்தனியா முளைக்கும். கொத்தக் கொத்தக் கோரை பெருகுறது இதனாலதான்.

அதுக்குப் பிடிக்காத ஒண்ணு நிழல். செய்ய வேண்டியது:

ரெட்டை அட்டை போடுங்க. அது மேல முளை வந்தா, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை விரல் நுழையிற ஆழத்துல கத்தியால அறுங்க. மூணு வாரத்துக்கு மேல விட்டா இலை சேர்த்த சத்து கீழ போய்ப் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அறுத்துக்கிட்டே இருந்தா பழைய கிழங்கு இருப்பைச் செலவழிச்சு ஓயும். ஒரு பட்டத்துல முடியாது, ரெண்டு மூணு பட்டம் ஆகும்.

மூணு பாத்தியில கோரை அதிகமா இருக்கிற ஒண்ணுல இந்த ஆடியில காய் எதுவும் போடாதீங்க. காராமணியை நெருக்கமா விதைச்சுடுங்க, இல்லன்னா சர்க்கரைவள்ளிக் கொடி நட்டுடுங்க. ஆறு வாரத்துல தரை தெரியாம மூடிடும்.

இன்னொண்ணு, செம்மண். லாரிக்காரர் கொண்டுவர்ற செம்மண்ணோடதான் பாதி வீட்டுக்குக் கோரை வருது. அரை அங்குல வலையில சலிங்க. பட்டாணி அளவுல கறுத்த, மயிர் மூடின உருண்டை கிடந்தா அதுதான்.

---

பின்வாசல் (மேடவாக்கம்)

அக்கா, பழைய ஃப்ளெக்ஸ் பேனர் கிடக்கு. அதை விரிச்சு மூடினா கோரை சாகுமா?

---

கீரைக்கட்டு

வெளிச்சம் போகாத கனமான பேனர்னா ரெண்டு மாசம் போடலாம், செங்கல் வச்சு ஓரத்தை அழுத்துங்க. கோரை வெளுத்து மெலியும், முழுசா சாகாது. அதுக்கு மேல விட்டா வெயில்ல பேனர் பொடிஞ்சு செதில் செதிலா மண்ணுல கலக்கும், பொறுக்கி மாளாது. இந்த ஆடிக்கு நேரம் பத்தாது. அடுத்த சித்திரை, வைகாசிக்கு வச்சுக்கோங்க.

---

உப்புக்காற்று (திருவான்மியூர்)

கடலோரப் பக்கம் இருக்கிறவங்க யாராவது இந்த இழையைப் படிச்சா: மேல சொன்ன அளவு நமக்குச் செல்லாது. நம்ம மணல்ல பாத்தியைத் தூக்கினா தண்ணி நிக்காது. தரைமட்டத்துலேயே வைங்க, முடிஞ்சா சுத்திக் கரை கட்டி ரெண்டு அங்குலம் பள்ளமா இருக்கட்டும். அட்டை ஒரு அடுக்கு போதும். நடு அடுக்குல செம்மண்ணுக்குப் பதிலா ஏரி வண்டல் கிடைச்சா நல்லது, மணலுக்கு அந்தப் பிசுக்கு வேணும்.

பெரிய தொல்லை போர் தண்ணிதான். டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற கருவி) 500க்குள்ள இருந்தா கவலை இல்ல. 2000 தொட்டா பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம் எல்லாம் இலை ஓரம் கருகி நின்னுடும். பீட்ரூட்டும் காராமணியும் அதைவிடத் தாங்கும். பருப்புக்கீரை உப்புல வளரவே பொறந்தது. மூடாக்கு இல்லாத மணல்ல தண்ணி ஆவியாகி உப்பு மேல வெள்ளையா பூக்கும். அதைச் சுரண்டி வெளிய போடுங்க. ஐப்பசி மழை வர்றப்போ ஒரு வாரம் மூடாக்கை ஒதுக்கிவிட்டா உப்பு கழுவி இறங்கும். ஆர்ஓ மிஷின் கழிவுத் தண்ணியைப் பாத்திக்கு விடாதீங்க. போர் தண்ணியை அந்த மிஷின்ல விட்டா அதைவிட உப்பு கூடினதுதான் வெளிய வரும்.

மணல்ல வேர்முடிச்சு நூற்புழுவும் அதிகம். கொத்தாத முறையில அறுவடை முடிஞ்ச செடியைத் தரையோட வெட்டி வேரை உள்ளேயே விடணும்னு சொல்றது வழக்கம். வேர்ல மணி மணியா முடிச்சு இருந்தா அந்த விதி கிடையாது. வேரோட பிடுங்கி வெளிய போடுங்க, மக்குத் தொட்டியிலும் போடாதீங்க. வாடல் நோய்ல செத்த தக்காளி, கத்தரிக்கும் இதேதான். அடுத்த பயிரா அங்க செண்டுமல்லியை நெருக்கமா நடலாம். 40 சதுர அடிக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு மேலாகத் தூவி மூடாக்கு போடுங்க.

---

கூரைநிழல்

அட்டை போட்டா கரையான் வராதா? வீட்டுக் கதவு நிலை எல்லாம் மரம்.

---

களி_வேளச்சேரி

வரும். காய்ஞ்ச அட்டைன்னா கொண்டாட்டமா வரும். முழுசா நனைஞ்சு, மேல உரம் மூடி, ஈரமா இருக்கிற அட்டையில அவ்வளவா சேராது. சேர்ந்தாலும் உலர்ந்த பொருளைத்தான் தின்னும். தண்ணி விடாம விட்ட பாத்தியிலதான் மிளகாய் நாத்துத் தண்டைக் கடிக்கும். சுவரிலேர்ந்து மூணு அடி தள்ளிப் பாத்தி வைங்க, சுவரை ஒட்டி இலைக்குவியல் வேண்டாம். பயமா இருந்தா அட்டைக்குப் பதிலா பேப்பர் பத்துத் தாள் கனத்துக்குப் போடலாம். சீக்கிரம் மக்கிடும். கோரை இல்லாத இடத்துக்கு அதுவே போதும்.

பின்வாசல், கரையானைவிட அந்தத் தென்னை உங்களுக்குப் பிரச்சினை. தென்னையின் ஊட்ட வேர் பெரும்பாலும் அடிமரத்திலிருந்து 6 அடி வட்டத்துக்குள்ள இருக்கும். ஈரமும் உரமும் கிடைக்கிற இடம் தெரிஞ்சா மேல் நோக்கியே ஏறி, பாத்திக்குள்ள தேங்காய் நார் மெத்தை மாதிரி பின்னிடும். அந்த மூலைப் பாத்தியை 7 அடி தள்ளுங்க. நீளம் குறைஞ்சாலும் பரவாயில்ல.

---

ஆடிப்பட்டம்

நான் பயிர் விஷயத்துக்கு மட்டும் வர்றேன். சின்ன இடத்துல விளைச்சல் கூடுறதுக்குக் காரணம் பாத்தி எந்த வாரமும் சும்மா கிடக்காததுதான்.

ஆடியில முதல் பாத்தி வெண்டை. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. விதையை ராத்திரி ஊறவச்சு, மூடாக்கை ஒரு கை அகலம் விலக்கி, விரல் கணு ஆழத்துல குழிக்கு ரெண்டு விதை. 45 நாளைக்கு மேல காய் வரும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். வெண்டை சின்னதா இருக்கிற முதல் 25 நாள்ல நடு இடைவெளியில முளைக்கீரை ஒரு சுற்று எடுத்துடலாம்.

ரெண்டாவது பாத்தி கத்தரியும் மிளகாயும். கத்தரிக்கு ரெண்டு அடி, மிளகாய்க்கு ஒன்றரை அடி. கத்தரி காய்ப்பு ஓஞ்சதும் முக்கால் அடி உயரத்துல கவாத்து பண்ணி (கிளையை வெட்டிவிட்டு), ஒரு அங்குலம் உரம் போட்டா மறுதாம்பு (அதே செடி மறுபடி துளிர்த்துக் காய்க்கிறது) வரும்.

அவரைக் கொடியை ஆடியில மதிலோரம் போடுங்க. நாட்டு அவரை பகல் குறுகினாதான் பூக்கும். தையில விதைச்சுட்டு கொடி மட்டும் ஓடுது, பூவே இல்லன்னு புலம்புறவங்க நிறைய.

தக்காளியை ஆடியில ஆசைப்பட வேண்டாம். ராத்திரி சூடு 24 டிகிரிக்குக் கீழ இறங்காத வரைக்கும் பூ உதிரும். மழையில வாடலும் வரும். கார்த்திகை பாதியில நாத்து விட்டு, மார்கழியில நட்டா மாசி, பங்குனியில பழம். பிகேஎம் 1 ரகம் போதும், ரெண்டு அடிக்கு ஒன்றரை அடி.

ஐப்பசி, கார்த்திகை: சிறுகீரை மழையடியில சாஞ்சு அழுகும். கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, சேம்பு தாங்கும்.

கீரை விதைக்கிறப்போ மூடாக்கு முழுசையும் ஒதுக்கிட்டு, சலிச்ச மண்புழு உரம் அரை அங்குலம் பரப்பி, விதையோட மணல் கலந்து தூவுங்க. எறும்பு விதையை இழுத்துட்டுப் போகும். அதுக்கு ஒரு பிடி ரவை கலந்து தூவிட்டா எறும்பு ரவையைத் தூக்கிட்டுப் போகும், விதை தப்பிக்கும். ஈரச் சாக்கால மூடி, ரெண்டாம் நாளிலேர்ந்து காலையில தூக்கிப் பாருங்க. வெள்ளை முளை தெரிஞ்ச உடனே சாக்கை எடுத்துடணும். ஒருநாள் தாமதிச்சா முளை சாக்குல மாட்டிக்கிட்டு வந்துடும்.

கத்திரி வெயில் நேரத்துல ஒரு பாத்திக்காவது ஓய்வு கொடுங்க. சணப்பை (பசுந்தாள் உரச் செடி) விதைச்சு, பூக்க ஆரம்பிக்கிறப்போ அறுத்து அங்கேயே போட்டுடுங்க. அதை மண்ணுல மடக்கி உழணும்னு அவசியமில்ல, மேல கிடந்தே மக்கும்.

---

கூரைநிழல்

கிழங்கு வகை எப்படி? சர்க்கரைவள்ளி எடுக்கக் கொத்தித்தானே ஆகணும்?

---

ஆடிப்பட்டம்

அதுல ஒண்ணும் செய்ய முடியாது. கிழங்கைக் கையால தடவி எடுத்துட்டு, மண்ணைச் சமப்படுத்தி, ஒரு அங்குலம் உரமும் மூடாக்கும் போட்டுட்டு அடுத்த வேலையைப் பாருங்க. கொள்கைக்காகச் சர்க்கரைவள்ளியை விடுறது அநியாயம். முள்ளங்கி 4 அங்குல உரத்துலேயே இறங்கும், ஆனா அடியில மக்காத சக்கை இருந்தா கிழங்கு ரெண்டா பிரிஞ்சு கவட்டை விழும். அதனால புதுப் பாத்தியில முதல் பட்டத்துல வேண்டாம்.

---

பின்வாசல் (மேடவாக்கம்)

இன்னும் ரெண்டு கேள்வி. போட்ட பிறகு என்னென்ன கெட்டுப்போகும்? பிறகு வருஷா வருஷம் எவ்வளவு உரம்?

---

மண்வெட்டிக்கு_ஓய்வு (தாம்பரம்)

ரெண்டாவதுக்கு முதல்ல பதில். ஆடிக்கு முன்னால ஒரு அங்குலம், தைக்கு முன்னால ஒரு அங்குலம். ஒரு பாத்திக்கு ஒரு தடவைக்கு ஒன்றரைச் சாக்கு. வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு அங்குலமா போட்டா பாதி மழையில கழுவிட்டுப் போயிடும். மூடாக்கு மட்டும் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை சேர்த்துக்கிட்டே இருக்கணும், நம்ம ஊர்ல அவ்வளவு வேகமா கரையும். புங்கம், வேம்பு இலை சீக்கிரம் மக்கும், சத்து அதிகம். மா இலையும் நறுக்கின தென்னை ஓலையும் நாள் தாங்கும். வாதாம் இலையை முழுசா போடாதீங்க, ஓடு வேய்ந்த மாதிரி படிஞ்சு தண்ணியை வழியவிடும். நொறுக்கிப் போடுங்க. மாநகராட்சி உரம் கிடைச்சா கண்ணாடி, பிளாஸ்டிக் துண்டு பார்த்துச் சலிச்சுட்டுப் போடுங்க.

கெட்டுப்போறது:

நாத்து வெளிர் மஞ்சளா நின்னா, உரம் பாதிதான் மக்கியிருக்கு. உரத்தைக் கையில எடுத்து மோந்து பாருங்க. மழை பெஞ்ச மண் வாசனை வரணும். சாணி வாடையோ அமோனியா நெடியோ வந்தா இன்னும் ஒரு மாசம் மூடிப்போட்டு வைக்கணும். நட்டாச்சுன்னா, 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணியில ரெண்டு நாள் ஊறவச்சு, பத்து மடங்கு தண்ணி கலந்து வாரம் ஒருமுறை வேர்ல ஊத்துங்க. புண்ணாக்கைக் கட்டியா மண்ணுல வைக்காதீங்க, பெருச்சாளிக்கு அழைப்பு அது. அது வந்து பாத்தியைக் கொத்தினா நம்ம முறை போச்சு. மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோட புளிக்கவச்ச உரம்) ஊத்துறவங்களுக்குத் தெருப் பூனை எல்லாம் சொந்தமாயிடும்.

உரத்துல கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தா பெரும்பாலும் காண்டாமிருக வண்டோட புழு. செடி வேரைத் தின்னாது, மக்கினதைத் தின்னும். ஆனா வண்டா மாறி அந்தத் தென்னைக் குருத்தைத் துளைக்கும். பொறுக்கி எடுத்துடுங்க.

---

கீரைக்கட்டு

நத்தையைச் சொல்லல. மூடாக்குப் பாத்திக்கு ஐப்பசியில முதல் எதிரி பெரிய நத்தைதான், ஒரே ராத்திரியில நாத்து வரிசையே காணாமப் போகும். மழை தொடங்கினதும் தண்டைச் சுத்தி மூணு அங்குலம் மூடாக்கை விலக்குங்க. இது தண்டு அழுகலுக்கும் நல்லது. சாயங்காலம் ஈரச் சாக்கு ஒண்ணை வழியில போட்டு, அடியில பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் மேல் இலையும் வைங்க. ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்து, உப்புத் தண்ணி வாளியில போடணும். கையுறை இல்லாம தொடாதீங்க, அதுகிட்ட மனுஷனுக்கு ஆகாத ஒட்டுண்ணி இருக்கும். உப்பைப் பாத்தி மேல தூவவே கூடாது.

நாத்து நடும்போது வேரை சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கிற நல்ல பாக்டீரியாப் பொடி) கரைசல்ல, லிட்டருக்கு 10 கிராம், அரை மணி நேரம் வச்சு நடுங்க. அழுகல் குறையும். வெண்டையில நரம்பு மட்டும் மஞ்சளா தெரிஞ்சா அது வெள்ளை ஈ பரப்புற நோய், மருந்து கிடையாது, அந்தச் செடியை அன்னைக்கே பிடுங்குங்க. மத்ததுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் படுற மாதிரி சாயங்காலம் அடிங்க.

---

பின்வாசல் (மேடவாக்கம்)

அட்டை சொல்லி வச்சாச்சு. தண்ணி எவ்வளவு விடணும்? ஹோஸ் போதுமா, சொட்டுநீர் போடணுமா?

---

களி_வேளச்சேரி

மே மாசத்துல ஒரு பாத்திக்கு நாளைக்கு 20 லிட்டர்னு வச்சுக்கோங்க. மூடாக்கு சரியா இருந்தா ரெண்டு நாளைக்கு ஒருமுறை விட்டாலும் தாங்கும். ஹோஸால மூடாக்கு மேல அடிச்சா மேல் சருகு மட்டும் நனையும், கீழ காய்ஞ்சிருக்கும். விரலை ரெண்டு கணு விட்டுப் பார்த்தாதான் தெரியும். ஒரு அடிக்கு ஒரு துளை இருக்கிற 16 மி.மீ. சொட்டுக்குழாய், பாத்திக்கு ரெண்டு வரிசை, மூடாக்குக்கு அடியில ஓட்டுங்க. மணிக்கு 2 லிட்டர் விடுற துளைன்னா 20 துளைக்கு அரை மணி நேரத்துல 20 லிட்டர் வந்துடும். மேல்தொட்டி லைன்ல ஃபில்டர் ஒண்ணு அவசியம், குழாய்க் கடைசி மூடியை மாசம் ஒருமுறை திறந்து அழுக்கை விடுங்க. கத்தி வச்சுக் கோரை அறுக்கிறப்போ குழாய் எங்க ஓடுதுன்னு பார்த்துக்கோங்க.